போனுக்குள் யார் எட்டிப் பார்க்கிறார்? கண்காணிப்பும் தனியுரிமையும் பற்றி வாசிக்கத் தகுந்ததைத் தேடிப் பிடிக்கும் முறை

கண்காணிப்பு, தனியுரிமை என்று கூகுளில் தட்டினால் வாசிக்க ஆயிரம் வரும். அதில் பெரும்பகுதி பயமுறுத்த எழுதியது, அல்லது எதையோ விற்க எழுதியது. மேல் பாதியில் பயம், கீழ்ப் பாதியில் சந்தா என்று இரண்டையும் ஒன்றாகச் செய்யும் கட்டுரைகளும் நிறைய. மட்டக்களப்பிலோ கல்முனையிலோ இருந்துகொண்டு, கையில் இருக்கும் போனிலேயே, நேரத்தையும் டேட்டாவையும் வீணாக்காமல் நல்லதை எப்படிப் பிரித்தெடுப்பது என்பதைத்தான் இங்கே சொல்கிறோம்.

எந்த எழுத்தை எடுத்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். யார் பார்க்கிறார்? எதைப் பார்க்கிறார்? அது எப்படித் தெரியவந்தது? மூன்றுக்கும் பதில் உள்ள எழுத்தை முழுதாக வாசியுங்கள். இரண்டுக்குப் பதில் இருந்தால் வைத்துக்கொண்டு, மூன்றாவதை வேறிடத்தில் தேடுங்கள். ‘அவர்கள் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள்’ என்று மட்டும் சொல்லும் எழுத்தை அங்கேயே மூடிவிடலாம்.

ஒரு உதாரணம். ‘அடையாள அட்டை இலக்கத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள்’ என்று ஒரு பதிவு சொல்கிறது. சிம் எடுக்கக் கொடுக்கத்தான் வேண்டும், வங்கியில் கொடுக்கத்தான் வேண்டும், பிரதேச செயலகத்திலும் கொடுக்கத்தான் வேண்டும். அந்தப் பதிவை வாசித்து ஒரு பலனும் இல்லை. இன்னொரு பதிவு இப்படி விளக்குகிறது: 12 இலக்கத்தில் முதல் நான்கும் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். 1992532 என்று தொடங்கும் இலக்கத்தைக் கண்டவுடனேயே, 1992 பெப்ரவரி 1ஆம் திகதி பிறந்த பெண் என்று சொல்லிவிடலாம். பெப்ரவரிக்கு எந்த வருடமும் 29 நாள் என்றே கணக்கு வைப்பதால், மார்ச் 1 முதல் பிறந்தவர்களின் நாளைச் சாதாரண நாட்காட்டியில் எண்ணினால் ஒரு நாள் பிசகும். இதை வாசித்தவருக்குச் சில விஷயம் தானாகவே புரியும். கொமினிகேசனில் எடுத்த போட்டோக்கொப்பியில் ஒன்று பிழைத்துப்போனால் அதைக் கடையிலேயே விட்டுவிட்டு வரக்கூடாது. அறிவித்தல் பலகையில் பெயரோடு அடையாள அட்டை இலக்கம் ஒட்டியிருந்தால் அங்கே பிறந்த திகதியும் சேர்ந்தே ஒட்டியிருக்கிறது. தொலைபேசியில் ஆளை உறுதிப்படுத்த பிறந்த திகதியைக் கேட்கும் இடங்களில் இதுவே சாவி. பொறிமுறையைக் காட்டும் எழுத்து என்பது இதுதான். இப்படி ஒன்று கிடைத்தால், சொல்லாத அறிவுரையையும் நீங்களே எடுத்துக்கொள்வீர்கள்.

தேடுமுன் ஒரு வரி எழுதுங்கள்

‘தனியுரிமை பற்றி வாசிக்க வேண்டும்’ என்று தொடங்கினால் ஒருபோதும் முடியாது. ஒரு துண்டில் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: யாரிடமிருந்து, எதை, எத்தனை நாளைக்குக் காக்க வேண்டும்?

ஏறாவூரில் ஒரு பெண்ணின் கவலை, பிரிந்துபோன கணவர் தன் போனில் ஏதும் போட்டு வைத்திருக்கிறாரோ என்பது. அவருக்கு உளவு மென்பொருள் நிறுவனங்கள் பற்றிய சர்வதேச அறிக்கை வேண்டாம். கூகுள் கணக்கில் வேறு எந்தெந்த போன் நுழைந்திருக்கிறது என்று பார்ப்பது எப்படி, ‘இணைத்த சாதனங்கள்’ என்ற வட்ஸ்அப் பட்டியலைப் பார்ப்பது எப்படி என்ற இரண்டு பக்கம்தான் முதலில் வேண்டும். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளோடு வேலை செய்பவருக்கு வேண்டியது வேறு: தொடர்பு விபரங்கள், கூட்டம் நடந்த இடம், அழைப்புப் பதிவுகள். பள்ளிக்கூட ஆசிரியருக்குப் பிள்ளைகளின் படங்களும் பெயர்ப்பட்டியலும். வரி எழுதியபின் தேடினால், கண்ணில் படும் பத்துக் கட்டுரையில் ஏழைத் திறக்காமலே தள்ளிவிடலாம்.

தமிழில் தேடும்போது சொல்தான் சிக்கல்

ஒரே பொருளுக்குத் தமிழில் மூன்று நான்கு சொல் புழங்குகிறது. ‘தனியுரிமை’ என்று மட்டும் தேடினால் ‘அந்தரங்கம்’, ‘அந்தரங்க உரிமை’ என்று எழுதியவை வராது. ‘குறியாக்கம்’, ‘மறைகுறியாக்கம்’, ‘என்கிரிப்ஷன்’ மூன்றையும் தனித்தனியே தேடுங்கள். கண்காணிப்போடு ‘வேவு’, ‘உளவு’, ‘ஒட்டுக்கேட்பு’ ஆகியவற்றையும் சேருங்கள். கமெராவுக்கு ‘சீசீடீவி’, ‘சிசிடிவி’ என்ற இரண்டு எழுத்துக்கூட்டலும் உண்டு.

இதைவிடப் பெரிய சிக்கல், தமிழில் வரும் தேடல் முடிவுகளில் பெரும்பான்மை தமிழ்நாட்டுக்கு எழுதப்பட்டவை என்பது. நல்ல எழுத்து அங்கே நிறைய உண்டு. ஆனால் ஆதார், இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டம், இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் எதுவும் இங்கே செல்லாது. ஓட்டமாவடியில் ஒருவர் அதை வாசித்துவிட்டுக் கடைக்காரரிடம் வாதாடினால் தோற்றுவிடுவார். எந்த நாட்டு எழுத்து என்று ஒரே பார்வையில் கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள்: அங்கே மசோதா, இங்கே சட்டமூலம்; அங்கே அரசிதழ், இங்கே வர்த்தமானி; அங்கே காவல்துறை, இங்கே பொலிஸ். எல்லாவற்றிலும் அபாயமானது ‘உயர் நீதிமன்றம்’. இலங்கையில் அது நாட்டின் அதியுயர் நீதிமன்றம். தமிழ்நாட்டில் அதே சொல் மாநில அளவிலான நீதிமன்றத்தைக் குறிக்கும். அதற்கு மேலே இருப்பதை அவர்கள் உச்ச நீதிமன்றம் என்பார்கள். இதைக் கவனிக்காமல் ஒரு தீர்ப்பின் கனத்தைக் கூட்டியும் குறைத்தும் எழுதிய கட்டுரைகள் உண்டு.

இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24ஆம் திகதி ஒருமனதாகத் தந்த புட்டசுவாமி தீர்ப்பை மட்டும் விதிவிலக்காக வையுங்கள். தனியுரிமை அடிப்படை உரிமை என்று அது சொன்னது. இங்கே அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் தனியுரிமை ஏழைக்கு எதற்கு என்ற கேள்விக்கு வாதம் தேடுபவருக்கு அதைவிட நல்ல வாசிப்பு இந்தப் பிராந்தியத்தில் குறைவு. எங்கள் அரசியலமைப்பில் தனியுரிமைக்கென்று தனி உறுப்புரை இல்லை. 2015இல் சேர்ந்த 14அ உறுப்புரை தகவல் பெறும் உரிமையைத் தருகிறது. அந்த உரிமையை மட்டுப்படுத்தக்கூடிய காரணங்களில் ஒன்றாகத்தான் அங்கே தனியுரிமை வருகிறது. இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டு வாசித்தால் இரண்டு நாட்டு எழுத்தையும் ஒன்றோடொன்று குழப்ப மாட்டீர்கள்.

சட்டத்தை மூலத்திலேயே வாசியுங்கள்

சட்டம் பற்றிய கட்டுரையை விடச் சட்டமே வாசிக்க இலகு என்று சொன்னால் நம்பமாட்டார்கள். எடுத்துப் பாருங்கள். கட்டுரையாளர் எழுதாமல் விட்ட விதிவிலக்குகள் அங்கேதான் இருக்கும். அரச அச்சகத் திணைக்களத்தின் ஆவணத் தளத்திலும் பாராளுமன்றத் தளத்திலும் சட்டங்கள் மூன்று மொழியிலும் இலவசமாகக் கிடைக்கின்றன.

பெயரால் தேடாதீர்கள். தமிழ்ப் பெயரை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுகிறார்கள். வருடத்தாலும் இலக்கத்தாலும் தேடுங்கள். இந்த விஷயத்துக்கு அடிப்படையானவை: தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பது பற்றிய 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், நிகழ்நிலைக் காப்பு பற்றிய 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், கணினிக் குற்றங்கள் பற்றிய 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம், தகவல் அறியும் உரிமை பற்றிய 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். முதல் இரண்டும் 9ஆம் இலக்கம் என்பதைக் கவனியுங்கள். ஒன்று உங்கள் தரவைக் காக்க வந்தது. மற்றது நீங்கள் இணையத்தில் சொல்வதைக் கட்டுப்படுத்த வந்தது. ‘9ஆம் இலக்கச் சட்டத்தின்படி’ என்று வருடமில்லாமல் எழுதியிருந்தால் அந்தக் கட்டுரையை நம்பி மேலே போக வேண்டாம்.

அடுத்து, சட்டமூலமா சட்டமா என்று பாருங்கள். நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலம் 2023 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்தது. அதை எதிர்த்துப் பல மனுக்கள் போயின. பல வாசகங்களைத் திருத்த வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. 2024 ஜனவரி 24ஆம் திகதி பாராளுமன்றத்தில் நிறைவேறியது. ஆகவே 2023 ஒக்டோபரில் எழுதிய மிக நல்ல கட்டுரைகூடப் பழைய வாசகத்தைப் பற்றியது. அதில் சொல்லும் பிரிவு இலக்கத்தைச் சட்டத்தில் போய்த் தேடினால் வேறு ஏதாவது இருக்கக்கூடும். வாசிக்கலாம், வாதங்கள் பழையதாகிவிடவில்லை; பிரிவு இலக்கத்தை மட்டும் அங்கிருந்து எடுக்காதீர்கள்.

மூன்றாவது, நிறைவேறிய சட்டம் எல்லாம் நடைமுறையில் இருப்பதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2022ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சபாநாயகர் சான்றுப்படுத்தியது அந்த வருடம் மார்ச் 19ஆம் திகதி. ஆனால் அதன் பகுதிகள் கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வரும் என்று முதலாம் பிரிவே சொல்கிறது. முக்கியமான பகுதிகளின் திகதி பிறகு தள்ளிப்போனது. 2025இல் திருத்தச் சட்டமும் வந்தது. அதனால் மூலச் சட்டம், திருத்தச் சட்டம், நடைமுறைத் திகதி பற்றிய வர்த்தமானி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்துவைத்து வாசிக்க வேண்டும். மூலச் சட்டத்தை அச்செடுத்து, திருத்தம் தொட்ட பிரிவுகளின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வதுதான் குழப்பமில்லாத வழி. ஒரு மாலை நேரம் போதும்.

தமிழ்க் கோப்பில் சொல் தேடினால் ‘கிடைக்கவில்லை’ என்று வருவது எல்லோருக்கும் நடக்கும். கோப்பில் சொல் இல்லை என்று முடிவெடுக்காதீர்கள். பல அரச கோப்புகள் யுனிகோட்டில் இல்லை. பழைய எழுத்துருவில் இருக்கின்றன. ஒரு வரியைப் பிரதிசெய்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள். ஆங்கில எழுத்துகள் கலந்து விழுந்தால் விஷயம் அதுதான். பாமினி என்ற பழைய எழுத்துரு அமைப்பில் உள்ள கோப்பென்றால் தேடல் பெட்டியில் பாமினி விசைகளையே ஆங்கிலத்தில் அடியுங்கள். ‘தரவு’ என்பதற்குச் சின்ன ஜே, சின்ன யூ, பெரிய டீ (juT). தட்டச்சுப் பழகியவர்களுக்கு இது கைவந்த பழக்கம்; மற்றவர்கள் பாமினி விசைப்பலகைப் படம் ஒன்றைப் போனில் வைத்துக்கொண்டால் சரி. அதுவும் சரிவராமல் முழுப்பக்கமும் படமாக ஸ்கேன் செய்யப்பட்டிருந்தால், கோப்பைக் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டொக்ஸில் திறக்கச் சொன்னால் எழுத்தாக மாற்றித் தரும். ‘ள’, ‘ழ’, ‘ற’ எழுத்துகளில் பிழை விடும், தேடுவதற்கு அது போதும். பொது ஆவணத்துக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். சொந்த வழக்குக் கோப்பையோ வைத்திய அறிக்கையையோ அப்படி ஏற்ற வேண்டாம்.

வட்ஸ்அப் குழுமத்தில் சுற்றும் செய்தியை எப்படிச் சோதிப்பது

‘மச்சான், நாளையிலிருந்து புதுச் சட்டம். மூன்று நீல டிக் வந்தால் அரசாங்கம் வாசித்துவிட்டது, ஒரு சிவப்பு டிக் வந்தால் வழக்கு’ என்ற செய்தி சில வருடமாகச் சுற்றிச் சுற்றி வருகிறது. மூன்று கேள்வியையும் இதில் போட்டுப் பாருங்கள். யார் பார்க்கிறார் என்றால் ‘அரசாங்கம்’. எந்த நிறுவனம் என்று இல்லை. எப்படித் தெரியும் என்பதற்கு ஒன்றுமே இல்லை. வட்ஸ்அப்பின் உதவிப் பக்கத்தைத் திறந்தால் இருப்பது ஒரு சாம்பல் டிக், இரண்டு சாம்பல் டிக், இரண்டு நீல டிக். அனுப்பியது, போய்ச் சேர்ந்தது, வாசித்தது. அவ்வளவுதான்.

ஆனால் ‘பொய்’ என்று சொல்லி நிற்கும் எழுத்தும் அரைகுறை. நல்ல எழுத்து அடுத்த படிக்குப் போகும். வட்ஸ்அப் 2016 ஏப்ரலில் எல்லோருக்கும் முனைக்கு முனை மறைகுறியாக்கத்தை, அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே வாசிக்கக்கூடிய பூட்டை, கொண்டுவந்தது. அது காப்பது செய்தியின் உள்ளடக்கத்தை. யார் யாரோடு, எப்போது தொடர்புகொண்டார் என்ற விபரம் அந்தக் காப்புக்குள் வராது. கூகுள் டிரைவுக்குப் போகும் காப்புப் பிரதிக்கு மறைகுறியாக்கம் போடும் வசதி 2021இல்தான் வந்தது, அதையும் அமைப்புகளுக்குள் போய் நாமே இயக்க வேண்டும். சாதாரணத் தொலைபேசி அழைப்பு என்றால் எந்த இலக்கம், எந்த நேரம், எத்தனை நிமிடம், எந்தக் கோபுரம் என்பது நிறுவனத்தின் பதிவில் இருக்கும். உள்ளடக்கத்தையும் இந்தத் தொடர்பு விபரத்தையும் பிரித்துப் பேசாத கட்டுரை எவ்வளவு நீளமானாலும் வாசிக்க வேண்டாம். எங்கள் கணிப்பில் இந்தத் துறையில் ஒரு எழுத்தாளருக்கு விஷயம் தெரியுமா என்று பார்க்க இதைவிட விரைவான சோதனை இல்லை.

விபிஎன் (உங்கள் இணையப் போக்குவரத்தை வேறொருவரின் கணினி வழியாக அனுப்பும் சேவை) பற்றிய ஒப்பீட்டுக் கட்டுரைகளில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். ‘சிறந்த பத்து’ என்ற பட்டியலில் உள்ள ஒவ்வொரு இணைப்புக்கும் எழுதியவருக்குத் தரகுப் பணம் போகலாம். பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் அதைச் சொல்லியிருப்பார்கள், முதலில் அங்கே போய்ப் பாருங்கள். விபிஎன் போட்டால் இணைய நிறுவனம் பார்த்துக்கொண்டிருந்ததை விபிஎன் நடத்துபவர் பார்ப்பார். பார்ப்பவர் மாறுகிறார், பார்வை மறைவதில்லை. பேஸ்புக் 2013இல் ஒனாவோ என்ற நிறுவனத்தை வாங்கியது. அதன் விபிஎன் ‘உங்கள் தரவைப் பாதுகாக்கிறோம்’ என்று சொல்லிக்கொண்டே, மக்கள் வேறு எந்தெந்தச் செயலியை எவ்வளவு நேரம் பாவிக்கிறார்கள் என்ற விபரத்தைச் சேர்த்துக் கொடுத்தது. 2023இல் அவுஸ்திரேலிய நீதிமன்றம் பேஸ்புக் குழுமத்தின் இரண்டு நிறுவனங்களுக்கும் சேர்த்து 2 கோடி அவுஸ்திரேலிய டொலர் தண்டம் விதித்தது. இப்படி நீதிமன்றத்தில் நிலைத்த விஷயத்தை வாசிப்பது பத்துப் பட்டியலுக்குச் சமம்.

அம்பாறையில் தொடங்கிய ஒன்றை அடுக்கடுக்காக வாசிப்பது

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் உணவகத்தில், சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்ததாகப் புரளி கிளம்பியது. வீடியோ ஒன்று பேஸ்புக்கில் பரவியது, கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பிறகு கண்டி மாவட்டத்தின் திகனவில் வன்முறை, மார்ச்சில் நாடு முழுக்க பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் முடக்கம். முடக்கத்தைத் தாண்ட ஆட்கள் கிடைத்த இலவச விபிஎன்னை எல்லாம் இறக்கினார்கள். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும் முடக்கினார்கள், 2022 ஏப்ரலிலும் முடக்கினார்கள்.

வாசிப்புப் பயிற்சிக்கு இதைவிட அருகில் இருக்கும் விஷயம் கிடைக்காது. மூன்று அடுக்காக எடுங்கள். முதல் அடுக்கு அந்த வாரத்துப் பத்திரிகைகள். தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று குறைந்தது இரண்டு மொழியில். இரண்டாவது, அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் முடிவு பற்றிய செய்தி. சாப்பாட்டில் இருந்தது மாவுக்கட்டி, மருந்து இல்லை. மூன்றாவது, பேஸ்புக் ஒரு வெளி நிறுவனத்தைக் கொண்டு செய்வித்து 2020 மே மாதம் வெளியிட்ட மனித உரிமை மதிப்பீடு. வெறுப்புப் பேச்சைத் தடுக்கத் தவறியதற்கு பேஸ்புக் அப்போது வருத்தமும் தெரிவித்தது. மூன்றையும் வாசித்தபின் ஒரு தாளில் இரண்டு நிரல் போட்டு, முதல் வாரம் எழுதியதில் எது நின்றது, எது உதிர்ந்தது என்று குறியுங்கள். கட்டுரையின் திகதியைப் பார்க்கும் பழக்கம் அதோடு கையில் ஒட்டிக்கொள்ளும்.

எங்கே கனமான எழுத்து இருக்கிறது

செய்முறை வழிகாட்டி வேண்டுமென்றால் இரண்டு இடம். 1990இல் தொடங்கிய எலெக்ட்ரோனிக் ஃபிரன்டியர் ஃபவுண்டேஷன் நடத்தும் சேர்வெய்லன்ஸ் செல்ஃப் டிஃபென்ஸ். மனித உரிமைப் பணியாளர்களுக்காக உருவான செக்கியூரிட்டி இன் எ பொக்ஸ். இரண்டும் இலவசம், இரண்டும் எதையும் விற்பதில்லை. முதலாவதில் பக்கத்தின் ஓரத்தில் கடைசியாகச் சரிபார்த்த திகதி இருக்கும். இரண்டு வருடம் தாண்டிய செய்முறைப் பக்கத்தில் படிகள் மாறியிருக்கும், காரணங்கள் மாறியிருக்காது. படிகளைப் போனின் இன்றைய அமைப்போடு ஒப்பிட்டுக்கொண்டு காரணங்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வு வேண்டுமென்றால் டொரன்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லாப், சர்வதேச மன்னிப்புச் சபையின் பாதுகாப்பு ஆய்வுகூடம். பெகாசஸ் என்ற போன் உளவு மென்பொருள் பற்றி உலகம் அறிந்ததில் பெரும்பங்கு இவர்களுடையது. சிட்டிசன் லாப் 2016 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கைக்காக அப்பிள் நிறுவனம் ஐபோனுக்கு அவசரத் திருத்தமே வெளியிட்டது. இவர்களின் அறிக்கை நீளமானது, முதலிலிருந்து கடைசிவரை வாசிக்கத் தேவையில்லை. முதலில் சுருக்கம். பிறகு நேரே வழிமுறைப் பகுதி: எத்தனை போனைப் பார்த்தார்கள், என்ன தடயம் கண்டார்கள், எதை உறுதியாகவும் எதை ஊகமாகவும் சொல்கிறார்கள். பிறகு நிறுவனத்தின் பதில் இணைத்திருக்கிறதா என்று பாருங்கள். இந்த மூன்றுக்கும் 20 நிமிடம் போதும். அதே அறிக்கையை வைத்து யூடியூபில் ஒருவர் ‘உங்கள் போனிலும் பெகாசஸ்’ என்று கத்தும்போது, அறிக்கையில் அப்படி இல்லை என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

வடக்கு கிழக்கில் ஆட்களை நேரில் கண்காணிப்பது பற்றி வேண்டுமென்றால் ஐ.நா. மனித உரிமைகள் உயர் ஸ்தானிகர் இலங்கை பற்றி வெளியிட்ட அறிக்கைகளை எடுத்து, ஆங்கிலக் கோப்பில் ‘சேர்வெய்லன்ஸ்’ என்ற சொல்லைத் தேடுங்கள். சொல் வரும் பந்தியையும் அதற்கு முந்திய பந்தியையும் வாசித்தால் போதும். தொழில்நுட்பம் பற்றிய எழுத்து இதைத் தவறவிடுகிறது. வீட்டுக்கு வந்து விசாரிப்பதும், கூட்டத்தில் படமெடுப்பதும், தொலைபேசி எடுத்துக் கேட்பதும் கண்காணிப்புத்தான். செயலி மாற்றுவதால் அவை நிற்காது.

நூலகத்துக்குப் போனால் நேரே இலக்கத்துக்குப் போங்கள். தூயி தசாம்சப் பகுப்பில் 005.8 கணினிப் பாதுகாப்பு, 323.448 தனியுரிமை, 342.0858 தனியுரிமைச் சட்டம், 303.4833 தகவல் தொழில்நுட்பமும் சமூகமும். 005.8இல் பெரும்பாலும் பரீட்சைக்கான பாடநூல்கள் இருக்கும். அச்சான வருடத்தைப் பார்க்காமல் இரவல் எடுக்க வேண்டாம். 323இல் உள்ளவை பழசானாலும் பழுதில்லை. பொது நூலகத் தட்டில் கிடைக்காவிட்டால் வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழக நூலகங்களில் வெளியார் வாசிக்க என்ன ஒழுங்கு என்று விசாரியுங்கள். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் ஆய்வரங்கக் கட்டுரைகளை வீட்டிலிருந்தே இறக்கலாம். கட்டுரையின் முடிவை விட, யாரிடம் எத்தனை பேரிடம் கேட்டார்கள் என்ற பகுதியை முதலில் வாசியுங்கள். பழைய தமிழ்ப் பத்திரிகை, சஞ்சிகைகளுக்கு நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகம் இருக்கிறது.

வாசிப்பதே தடயம் வைக்கும்

உலாவியின் மறைநிலைச் சாளரத்தில் (இன்கொக்னிற்றோ) வாசித்தால் உங்கள் போனில் வரலாறு நிற்காது, அவ்வளவே. நீங்கள் எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்று இணைய நிறுவனத்துக்குத் தெரியும். முகவரி https என்று தொடங்கும் தளமென்றால் எந்தக் கட்டுரை என்று தெரியாது. தளத்தின் பெயரே தெரியக்கூடாது என்றால், பல கணினிகளைச் சுற்றி அனுப்பும் டோர் உலாவி. அது மெதுவானது, டோர் பாவிக்கிறீர்கள் என்பதும் நிறுவனத்துக்குத் தெரியும். எல்லோருக்கும் இது தேவையில்லை. முதலில் எழுதிய அந்த ஒரு வரி கேட்டால் மட்டும்.

டேட்டா மிச்சம் பிடிக்க, அன்ட்ரொய்ட் போனில் பயர்பொக்ஸ் உலாவியைப் போட்டு, அதில் விளம்பரம் தடுக்கும் யுபிளொக் ஒரிஜினைச் சேருங்கள். விளம்பரமும் பின்தொடரும் நிரல்களும் இறங்காததால் பக்கமும் விரைவாகத் திறக்கும். மின்னஞ்சல் கொடுத்துச் சந்தா எடுப்பதைவிட தளங்களின் புதிய கட்டுரைகளைத் தானாகத் திரட்டித் தரும் ஆர்எஸ்எஸ் வாசிப்பான் என்ற செயலி நல்லது. யாரிடமும் பெயர் கொடுக்கத் தேவையில்லை. குழுமத்தில் புத்தகம் என்று வரும் கோப்பின் பெயர் ஏபிகே என்று முடிந்தால் அது புத்தகமே அல்ல, செயலி. தொடாதீர்கள். இறக்கிய கோப்புக்கு வருடம், இலக்கம், மொழி, இறக்கிய திகதி என்று பெயரிட்டு வையுங்கள்.

எங்கேயும் எழுதப்படாததைக் கேட்டுப் பெறுவது

உங்கள் ஊர்ச் சந்தியில் இருக்கும் கமெராவின் பதிவு எத்தனை நாள் இருக்கும், யார் பார்க்கலாம் என்று எந்தக் கட்டுரையிலும் கிடைக்காது. அதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாநகர சபையிடமோ பிரதேச சபையிடமோ கேட்கலாம். தமிழில் கேட்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, எழுத முடியாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும்.

‘ஏன் பொருத்தினீர்கள்?’ என்று கேட்காதீர்கள். கையில் உள்ள ஆவணத்தைத்தான் தருவார்கள், விளக்கத்தை அல்ல. சபை நிதியில் பொருத்திய கமெரா எத்தனை, எந்தெந்த இடத்தில்? பதிவு எத்தனை நாள் வைக்கப்படும்? எந்தப் பதவியில் உள்ளவர் பார்க்கலாம்? கடந்த வருடம் எத்தனை தடவை வெளியாருக்கு வழங்கப்பட்டது? இவை பற்றிய எழுத்துமூலக் கொள்கை இருந்தால் அதன் பிரதி. இப்படிக் கேட்டால் மறுக்க இடம் குறைவு. ஆட்களின் பெயரைக் கேட்டால் தனிப்பட்ட தகவல் என்ற விதிவிலக்கைக் காட்டி முழுவதையும் தள்ளிவிட வாய்ப்புண்டு.

கடிதத்தைக் கொடுத்ததும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். 14 வேலை நாளுக்குள் முடிவு வர வேண்டும். வராவிட்டாலோ மறுத்தாலோ 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அங்கும் சரிவராவிட்டால் 2 மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. பற்றுச்சீட்டு இல்லாமல் நாள் கணக்கை நிரூபிக்க முடியாது, பலருடைய மேன்முறையீடு அங்கேதான் சறுக்குகிறது.

பதில் வந்தால் ஒரு பிரதியைப் பொது நூலகத்துக்குக் கொடுங்கள். கொடுக்குமுன் உங்கள் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கத்தை மறையுங்கள். கோப்பின் மேல் கறுப்புப் பெட்டி வரைந்தால் அடியில் எழுத்து அப்படியே இருக்கும்; பிரதிசெய்து ஒட்டினால் வெளியே வந்துவிடும். அச்செடுத்து, தடித்த கறுப்பு மார்க்கரால் அடித்து, அந்தத் தாளைப் போட்டோக்கொப்பி எடுத்து, கொப்பியை மட்டும் கொடுங்கள். மார்க்கர் அடித்த தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இலக்கம் தெரியும். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து கிழித்துவிடுங்கள்.